கருந்தேறலும் எல்லைப்புறத்துக் கள்ளும்

ஆண்டு விழா மலரில் மதுவைப் பற்றி ஒரு கட்டுரையா என்று நம் குடியிருப்பின் மூத்தோர் சிலர் புருவம் நெரிக்கக்கூடும். தாய்மார் முகம் சுளிக்கவும் கூடும். அவர்தம் வருத்தம் நியாயமானதே. குடியினால் நிலைகுலைந்த குடும்பம் ஒன்றையேனும் அறியாதவர் நம்முள் யார்? ஆயினும், ஒரு பொருளைப் பழிக்கும் முன்னும் புகழும் முன்னும் அதன் வரலாற்றை அறிதல் நன்று. நம் குடியிருப்பைச் சேர்ந்த சகோதரி ஒருவர் நம்மிடம் கேட்ட ஒரு கேள்விக்கு விடை தேடியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

நடந்தது இது. சென்ற ஆண்டு உறவினர் இல்லத் திருமணத்தின் பொருட்டு நாம் பெங்களூர் சென்றிருந்தோம். அச்சகோதரியின் மகன் அந்நகரில் உள்ள சிறு மதுவாலை ஒன்றில் பீர் காய்ச்சும் பணியில் இருக்கின்றார். "மாமா, நான் செய்கிற வேலையை ஒரு முறை வந்து பாருங்கள்" என்று அவர் வற்புறுத்தி அழைத்தார். தயங்கியே சென்றோம். பளபளக்கும் கொப்பரைகளிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையின் மணம், நம் இல்லங்களில் முளைக் கேழ்வரகு வறுக்கும்போது எழும் மணத்தை ஒத்திருந்தது. உள்ளே இருந்தவர் எவரும் தள்ளாடவில்லை. கணக்கேடும் வெப்பமானியும் கையுமாக நின்றனர்.

சிறு கண்ணாடிக் கிண்ணம் ஒன்றில் மூன்று விரற்கடை அளவு ஊற்றிக் கொடுத்தார் அவ்விளைஞர். நிறம், கருப்பட்டிக் காப்பியின் நிறம். விளக்கொளியில் தூக்கிப் பார்த்தால் விளிம்பில் மாதுளைச் செம்மை. மேலே வெண்மை குன்றிய நுரை. முதலில் எழுந்தது உலர்ந்த திராட்சையும் பேரீச்சையும் கலந்த மணம். அதன்பின் கிராம்பின் சாயல். நாவில் பட்டபோது பாகின் இனிப்பு; விழுங்கியபின் மெல்லிய கசப்பு; சற்று நேரம் கழித்து நெஞ்சில் ஓர் இளஞ்சூடு. நூற்றுக்கு ஒன்பது பங்கு சாராயச் சத்து உடையது என்றும், பெல்ஜிய நாட்டுத் துறவியர் முறையைத் தழுவியது என்றும் அவர் கூறினார். பிறகு சிறிது பெருமிதத்துடன், "சர்க்கரை மட்டும் நம் மறையூர்ச் சர்க்கரை, மாமா" என்றார்.

ஊர் திரும்பியதும் அவர் அன்னையார் நம்மைத் தேடி வந்தார். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர் அவர். "அண்ணா, குடியால் அழிந்த வீட்டில் பிறந்தவன் குடியைச் செய்கிற வேலைக்கே போய்விட்டானே. இது சரிதானா? நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார். உடனே விடையிறுக்க நம்மால் இயலவில்லை. நூல்களைப் புரட்டினோம்; பழையன சிலவற்றை நினைவுகூர்ந்தோம். அவற்றின் சாரத்தை ஈண்டுத் தருகின்றோம்.

துறவியர் காய்ச்சிய மது

துறவிக்கும் மதுவுக்கும் என்ன தொடர்பு என நம்மவர் வியப்பர். ஐரோப்பாவின் குளிர்நாடுகளில் திராட்சை விளைவது அரிது. வாற்கோதுமை நன்கு விளையும். ஆதலின் அங்குப் பீர் உணவோடு சேர்ந்த பொருளாயிற்று. தம் கையுழைப்பால் தாமே வாழ்தல் என்பது கத்தோலிக்கத் துறவியருள் டிராப்பிஸ்டு என்னும் பிரிவினர் கொண்ட நெறி. வயலும் பாலும் போலப் பீரும் அவர்களுக்கு ஓர் உழைப்பாயிற்று. பெல்ஜியத்தின் வெஸ்ட்மாலே மடத்தில் 1836ஆம் ஆண்டிலும், சிமே ஊரை அடுத்த ஸ்கூர்மோன் மடத்தில் 1862ஆம் ஆண்டிலும் இத்தொழில் தொடங்கியது.

அங்குக் காய்ச்சப்படும் கரிய வகைகள் வலிமை மிக்கவை. வெஸ்ட்மாலேயின் இரட்டை வகை நூற்றுக்கு ஏழு பங்கும், சிமேயின் நீல முத்திரை ஒன்பது பங்கும், வெஸ்ட்ஃபிளேட்டரன் மடத்துப் பன்னிரண்டாம் எண் பத்துக்குச் சற்று மேலும் சாராயச் சத்து உடையவை. நாம் சாதாரணமாகக் கேள்விப்படும் பீரோ ஐந்தினை ஒட்டியது. இவ்வேறுபாடு எவ்வாறு உண்டாகிறது? முளைத் தானியத்தை வெந்நீரில் ஊறவைத்தால் அதன் மாவு சர்க்கரையாக மாறும். அச்சாற்றை வடித்து, ஹாப் என்னும் கசப்புப் பூவை இட்டுக் கொதிக்க வைத்து, ஆறியபின் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரைச் சேர்ப்பர். அது சர்க்கரையை உண்டு சாராயச் சத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடும். இது உயிருள்ள ஈஸ்டின் செயலே என்பதை ஆராய்ந்து விளக்கிய லூயி பாஸ்டர் 1876இல் பீரைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார்.

பெல்ஜியர் கொதிக்கும் சாற்றில் கருகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகையும் சேர்க்கின்றனர். நிறமும் உலர்பழ மணமும் பெரும்பாலும் அதனால் வருவன. சர்க்கரை முழுவதும் நொதித்துவிடுவதால் வலிமை ஏறும். பானமோ கூழ்போல் தடிக்காது. அப்பாகுக்கு அவர்கள் இட்டு வழங்கும் பெயர் 'காண்டி' என்பது. அப்பெயரின் பிறப்பிடம் நம் நாடே. வடமொழியின் 'கண்ட' என்னும் சொல் பாரசீகத்திலும் அரபியிலும் நுழைந்து, அங்கிருந்து ஐரோப்பா சென்றது. நம் கற்கண்டில் உள்ள கண்டும் அதன் உறவே.

இம்மடத்தார் பற்றி நாம் கருதத்தக்க செய்தி இரண்டு உண்டு. ஒன்று, விற்பனைக்கு வலிய வகையைக் காய்ச்சும் மடங்கள் தம் உணவுப் பந்திக்கென மென்மையான வேறொரு வகையைக் காய்ச்சிக்கொள்ளும் வழக்கம். மற்றொன்று, 1997இல் அமைந்த டிராப்பிஸ்டு மடங்களின் பன்னாட்டுக் கழகம் வகுத்த விதி: மடத்தின் எல்லைக்குள், துறவியரின் மேற்பார்வையில் காய்ச்ச வேண்டும், வருவாய் மடத்தின் தேவைக்கும் அறச் செயலுக்கும் போக வேண்டும். பொருளும் வலியது, கட்டுப்பாடும் வலியது. 2016இல் பெல்ஜியத்தின் பீர்ப் பண்பாட்டை ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ அமைப்பு மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலிட்டது.

பண்டைத் தமிழர் கைத்திறன்

இனி, நம் பக்கம் திரும்புவோம். முளைத் தானியத்தால் மது ஆக்கும் திறன் மேனாட்டார்க்கே உரியது என்று எண்ணுதல் பிழை. தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் அரிசிக்கள் ஆக்கும் முறை நிரலாகச் சொல்லப்படுகிறது. அரிசியைக் குழையக் கூழாக்கி, வாயகன்ற தட்டுப் பிழாவில் ஆறவிட்டு, புற்றாஞ்சோறு போன்ற தோற்றமுடைய 'நல்லடை' என்பதைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டுப் பிழிந்தெடுத்தனர். அந்நல்லடையை நெல்முளை என்று பொருள் கொள்வர் உரைகாரர். நெல்முளைக்கும் வாற்கோதுமை முளைக்கும் தொழில் ஒன்றே.

மலைவாழ் மக்களோ தேனை மூங்கிற் குழாயில் அடைத்து நெடுநாள் முதிரவைத்தனர். திருமுருகாற்றுப்படையும் மலைபடுகடாமும் இதனைக் கூறுகின்றன. மரப்பீப்பாயில் மதுவை முதிரவைக்கும் மேலைநாட்டு வழக்கத்திற்கு இஃது ஒப்பாகும். நன்கு முதிர்ந்த மதுவைப் புலவர்கள் 'நாட்படு தேறல்' என்றனர். அதன் கடுமைக்குத் தேளின் கொட்டையும் சினங்கொண்ட பாம்பையும் உவமை கூறினர். கள், நறவு, தேறல், தோப்பி, மட்டு, பிழி, அரியல் எனப் பல பெயர்கள் வழங்கின. பெயர் பலவானால் வகையும் பலவாதல் இயல்பு. வகை பலவானால் செய்வோர் திறனும் பலவாக வளர்ந்திருத்தல் வேண்டும்.

இவ்வாறு கூறுவதால், பண்டைத் தமிழர் குடியைப் போற்றினர், நாமும் போற்றுவோம் என்று சொல்ல வந்தோமல்லேம். அதே தமிழில்தான் திருவள்ளுவர் கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரமே வகுத்தார். விருந்தும் தமிழரதே, விலக்கும் தமிழரதே. இரண்டையும் மறைக்காமல் சொல்வதே வரலாறு.

கணவாய் வழியே வந்த யவனர் தேறல்

அயல்நாட்டு மது நம் எல்லைப்புறத்திற்குப் புதியதன்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் முப்பது கிலோமீட்டருக்கும் மேல் அகன்று கிடக்கும் இடைவெளி நம் பாலக்காட்டுக் கணவாய். முசிறித் துறைக்கு வந்திறங்கிய யவனப் பொருள்கள் இக்கணவாய் வழியே கொங்கு நாட்டிற்கும் அப்பாலும் சென்றன என்பது ஆராய்ச்சியாளர் துணிபு. 2007ஆம் ஆண்டு முதல் பட்டணம் என்னும் ஊரில் நிகழ்ந்த அகழ்வாய்வுகளில், மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து மதுவும் எண்ணெயும் கொணர்ந்த இருபிடிச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டிலும் அத்தகைய சாடிகள் உண்டு.

பாண்டியன் நன்மாறனைப் பாடிய நக்கீரர், யவனர் கொணர்ந்த குளிர்ந்த நறுந்தேறலை மகளிர் பொற்கலத்தில் ஏந்தித் தர அவன் பருகியதைக் குறிப்பிடுகின்றார். அது அரசன் மாளிகை. அயல்நாட்டு மது அன்று செல்வர்க்கே எட்டியது. ஊரார் பருகியது ஊரில் விளைந்ததையே. இந்த வேற்றுமை பின்னாளிலும் பல வடிவங்களில் தொடர்ந்தது.

ஒரு விரல் சுண்ணாம்பு

பாலக்காட்டுச் சமவெளியின் கரும்பனைகளை நாம் நாள்தோறும் காண்கிறோம். 1969இல் வெளிவந்த ஓ. வி. விஜயனின் 'கசாக்கின் இதிகாசம்' என்னும் மலையாளப் புதினம் அப்பனைகளையும் அவற்றினூடே வீசும் காற்றையும் நாடறியச் செய்தது. பனையின் பாளையைச் சீவிக் கலயம் கட்டினால் சாறு சொட்டும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது நொதிக்காது, இனிய பதநீராக இறங்கும், காய்ச்சினால் கருப்பட்டியாகும். சுண்ணாம்பு இல்லையேல் காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட் உடனே வேலையைத் தொடங்கும். மரத்தை விட்டு இறங்கும் முன்பே அது கள்ளாகிவிடும். ஒரே மரம், ஒரே சாறு. நடுவே நிற்பது ஒரு விரல் சுண்ணாம்பு.

சித்தூர் வட்டத்தின் தென்னந்தோப்புகளில் இறக்கப்படும் கள், கேரளத்தின் பிற மாவட்டங்களுக்கு வண்டி வண்டியாகச் செல்கிறது. இடுக்கி மலைகளில் கூந்தற்பனையிலிருந்தும் கள் இறக்குகின்றனர். இலங்கைத் தமிழர் கித்துள் என்பதும் இம்மரத்தையே. அதன் பாணி கருமையும் இனிமையும் உடையது. கேரள அரசின் 2002ஆம் ஆண்டு விதிகள் தென்னங்கள்ளில் இருக்கத்தக்க சாராயச் சத்தை நூற்றுக்கு 8.1 என வரையறுத்தன. ஆகவே, நாம் பெங்களூரில் சுவைத்த கருந்தேறலும் நம் தோப்புக் கள்ளும் வலிமையில் ஏறக்குறைய அண்டை வீட்டாரே. ஆனால் கள்ளுக்கு ஆயுள் ஒரு நாள். மறுநாள் புளிக்கும், பின்னர்க் காடியாகும். துறவியர் மதுவோ புட்டியிலேயே மீண்டும் நொதித்து ஆண்டுக் கணக்கில் முதிரும்.

மறையூரைப் பற்றியும் ஒரு சொல். இடுக்கி மாவட்டத்தின் தமிழக எல்லையை ஒட்டிய அம்மலைப் பள்ளத்தாக்கில் கரும்பு விளைகிறது. அங்குக் கொப்பரையில் காய்ச்சிக் கையால் உருட்டும் சர்க்கரை கரும்பழுப்பு நிறமும் மிகுந்த இனிப்பும் உடையது. 2019இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெல்ஜியர் தம் காண்டிப் பாகில் தேடும் நிறமும் மணமும் நம் மலைச் சர்க்கரையில் இயல்பாகவே உள்ளன என்பதை அவ்விளைஞர் கண்டுகொண்டார். நம் கேள்வியைக் கேட்ட சகோதரியின் தந்தையார் மறையூரில் அச்சர்க்கரை காய்ச்சியவர் என்பதை ஈண்டுக் குறிப்பிட வேண்டும்.

ஏலமும் விலக்கும்

பழைய கைத்திறன் எப்போது குற்றமாயிற்று? ஆங்கிலேயர் ஆட்சியில் 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம், உரிமமின்றி மது ஆக்குவதைத் தடை செய்தது. கள்ளிறக்கும் மரத்திற்கு வரி, கடைக்கு ஏலம். சித்தூரை ஆண்ட கொச்சி அரசும் கொல்லம் 1077ஆம் ஆண்டில், அதாவது 1902இல், தனக்கென ஆப்காரிச் சட்டம் இயற்றியது. அச்சட்டமே பின்னர் 1967இல் கேரளம் முழுமைக்கும் விரிவாக்கப்பட்டது. ஏலம் எடுத்தவன் செலுத்திய தொகையைத் திரும்பப் பெற வேண்டுமாயின் மேலும் மேலும் விற்றாக வேண்டும். மது, வீட்டின் கைத்தொழிலாக இருந்த நிலை மாறிக் கருவூலத்தின் வருவாயாயிற்று.

அதனை எதிர்த்து எழுந்ததே மதுவிலக்கு இயக்கம். 1937 அக்டோபர் 1ஆம் நாள் இராஜாஜியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948இல் அது சென்னை மாகாணம் முழுவதும் பரவியது. பாலக்காடு அன்று மலபார் மாவட்டத்தின் பகுதியாகச் சென்னை மாகாணத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. பாலக்காடும் சித்தூரும், தமிழர் மிகுந்து வாழ்ந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் அமைந்தன. நிலத்தில் ஒரு கோடு விழுந்தது. குடியிலும் அது விழுந்தது.

கேரளம் 1967இல் மதுவிலக்கைக் கைவிட்டது. தமிழகம் 1971இல் கைவிட்டு, 1974இல் மீண்டும் ஏற்று, 1981இல் கள்ளையும் சாராயத்தையும் திறந்து, 1987 சனவரி 1ஆம் நாள் அவ்விரண்டையும் மூடியது. கேரளமோ 1996 ஏப்ரல் 1ஆம் நாள் சாராயத்தை மட்டும் விலக்கிக் கள்ளை விட்டுவைத்தது. ஆதலின் வாளையாற்றுக்கு அப்பால் கள் இறக்குதல் குற்றம். இப்பால் அது உரிமம் பெற்ற தொழில். அங்குள்ள பனைக்கும் இங்குள்ள பனைக்கும் இவ்வேறுபாடு தெரியாது.

இரு நாட்டுச் சட்டங்கள்

இனி நாம் சொல்ல வந்த கருத்தின் நடுப்பகுதிக்கு வருகிறோம். 1919ஆம் ஆண்டு பெல்ஜிய நாடாளுமன்றம், வாண்டர்வெல்டே என்னும் சோசலிஸ்டுத் தலைவரின் பெயரால் அறியப்படும் சட்டத்தை இயற்றியது. உழைப்பாளர் கூலியைச் சாராயம் விழுங்குவதைத் தடுப்பதே அதன் நோக்கம். பொதுவிடுதிகளில் காய்ச்சி வடித்த கடுஞ்சாராய வகைகளை விற்கலாகாது என்றது அது, பீரை விட்டுவைத்தது. 1983ஆம் ஆண்டு வரை அச்சட்டம் நிலவியது. சற்று வலிய பானம் வேண்டியோர் பீரின் பக்கம் திரும்பினர். காய்ச்சுவோரும் தம் திறனைக் கூட்டி வலிய பீர்களை ஆக்கினர். வெஸ்ட்மாலேயின் கரிய இரட்டை வகை இன்றைய வடிவத்தில் பிறந்தது 1926இல். கரிய வலிய பெல்ஜியத் தேறலின் வளர்ச்சிக்கு அச்சட்டமும் ஒரு காரணம் என்பர் வரலாற்றாசிரியர்.

1987ஆம் ஆண்டின் தமிழகச் சட்டமும் உழைப்பாளர் குடும்பங்களின் கண்ணீரைத் துடைக்கவே வந்தது. ஆனால் அது செய்தது என்ன? சாராயத்தோடு கள்ளையும் மூடியது. 'அயல்நாட்டு மது' என்ற பெயரில் ஆலைகளில் வடித்த பிராந்தியையும் ரம்மையும் விட்டுவைத்தது. அவற்றின் வலிமை நூற்றுக்கு 42.8 பங்கு. 2003 முதல் அரசு நிறுவனமே அவற்றைச் சில்லறையாகவும் விற்றது. பெல்ஜியம் கடியதை அடைத்து மெல்லியதை விட்டது; நாம் மெல்லியதை அடைத்துக் கடியதை விட்டோம்.

கணக்கிட்டுப் பாருங்கள். ஒன்பது பங்கு வலிமையுள்ள கருந்தேறல் 330 மில்லி லிட்டர் புட்டி ஒன்றில் தூய சாராயச் சத்து ஏறத்தாழ 30 மில்லி லிட்டர். நம்மவர் 'குவார்ட்டர்' என்று வாங்கும் 180 மில்லி லிட்டர் பிராந்தியில் அது 77 மில்லி லிட்டர். வலிய பீர் என்று உலகம் வியப்பதைக் காட்டிலும் இரண்டரை மடங்கு மிகுதி, நம் கூலிக்காரர் கைக்குள் அடங்கும் சிறு புட்டியில் இருக்கிறது. அதையும் அவர் உணவோடு அமர்ந்து பருகுவதில்லை. கடை வாயிலில் நின்றபடி ஒரே மூச்சில் விழுங்குகிறார். சுவை, மணம் என்பவற்றுக்கு அங்கு இடமேது?

சம்பள நாள்

நாம் பிறந்தது தேவிகுளம் மலைத் தோட்டத்து வரிசை வீடு ஒன்றில். சம்பள நாளன்று அன்னையார் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்ததும் வீட்டிற்கு வரமாட்டார். பாதை திரும்பும் இடத்தில் போய் நிற்பார். தந்தையார் அவ்விடத்தைக் கடந்து கடைப்பக்கம் போகும் முன்னே அரிசிக்கும் பள்ளிக்கூடத்துச் செலவுக்கும் பணம் வாங்கியாக வேண்டும். அவரைப்போல் அங்கு நின்ற தாய்மார் பலர். அவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவும் மாட்டார்கள். சில மாதங்களில் பணம் கிடைத்தது. சில மாதங்களில் கிடைக்கவில்லை. கிடைக்காத மாதங்களில் நாம் உண்ட கஞ்சியின் நீர்மை இன்றும் நினைவில் நிற்கிறது. இதனை எழுதும்போது வெட்கப்படவில்லை. நம் குடியிருப்பில் பாதி வீடுகளின் கதை இதுவே.

இதனினும் கொடியது உண்டு. 2020 அக்டோபரில் நமக்கு அண்மையிலேயே, வாளையாற்றை அடுத்த செல்லங்காவு என்னும் பழங்குடியினர் ஊரில், நஞ்சான சாராயத்தைக் குடித்து ஐவர் மாண்டனர். 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரைக் குடித்தது. இறந்தோர் பெரும்பாலும் அன்றாடம் உழைத்து உண்டவர். அவர் குடித்தது எவர் கையால், எப்பொருளால், எந்த அளவில் ஆக்கப்பட்டது என்பதை அவர் அறியார். அறிவிக்கும் கடமை உடையவராக விற்றவரும் தம்மைக் கருதவில்லை.

ஆகவே, அடைத்த கள்ளைத் திறந்துவிட்டால் எல்லாம் சீராகிவிடும் என்று வாதிடவும் நாம் முற்படவில்லை. கள் திறந்திருக்கும் நம் மாவட்டத்திலேயே செல்லங்காவும் நிகழ்ந்தது. 2023 சனவரியில் உலக நல நிறுவனம், நலத்திற்குத் தீங்கற்ற குடியளவு என்று ஒன்று இல்லை என அறிவித்தது. மடத்துப் பீருக்கும் மரத்துக் கள்ளுக்கும் இது பொருந்தும். சட்டம் எதை விலக்கினாலும், எதை விட்டாலும், பாதை முனையில் நிற்கும் தாயை நினைத்து விலக்கியதா, கருவூலத்தை நினைத்து விட்டதா என்று கேட்பதே வரலாறு நமக்குத் தரும் பாடம்.

நீரின் கேள்வி

மதுவுக்கு முதற்பொருள் நீர். நம் மாவட்டம் நீரின் அருமையைப் பட்டறிந்த மாவட்டம். சித்தூர் வட்டத்துப் பிளாச்சிமடையில் 2000ஆம் ஆண்டில் கொக்கக் கோலா ஆலை தொடங்கியது. ஊர்க் கிணறுகள் வற்றிக் கெட்டன என்று 2002 ஏப்ரலில் மக்கள் போராட்டம் தொடங்கினர்; 2004இல் ஆலை நின்றது. அப்போராட்டத்தின் முன்னணியில் நின்ற மயிலம்மா பழங்குடிப் பெண்மணி. 2025 சனவரியில் எலப்புள்ளியில் பெரிய மது உற்பத்தி ஆலை ஒன்றுக்குக் கேரள அமைச்சரவை தொடக்க அனுமதி அளித்தபோதும், ஊரார் முதலில் எழுப்பியது நீரைப் பற்றிய கேள்வியே.

பெங்களூரில் அவ்விளைஞரிடமும் நாம் நீரைப் பற்றிக் கேட்டோம். ஒரு பங்கு பீருக்குப் பல பங்கு நீர் செலவாகும் என்பதை அவர் மறைக்கவில்லை. கொப்பரை கழுவிய நீரைச் சேர்த்து வைத்து மீண்டும் பயன்படுத்தும் முறையைக் காட்டினார். சிறு ஆலை ஆதலின் செலவும் சிறிது. சிறியது என்பதனாலேயே ஒன்று நல்லதாகிவிடாது. ஆயினும் சிறியதில் கணக்குக் கேட்பது எளிது. யார் செய்தார், எதனால் செய்தார், எவ்வளவு செய்தார் என்று கேட்டால் விடைசொல்ல ஒரு முகம் அங்கே இருக்கிறது.

சகோதரிக்கு நம் விடை

சென்ற மாதம் அச்சகோதரியை மீண்டும் சந்தித்தோம். இங்கு எழுதியவற்றையெல்லாம் சுருக்கிச் சொன்னோம். "தங்கச்சி, உன் மகன் செய்வது நல்ல தொழில் என்று நாம் சொல்லவில்லை, தீய தொழில் என்று சொல்லவும் நமக்கு வாய் வரவில்லை. உன் கணவரைக் கொன்றது பெயரும் அளவும் தெரியாத கடுஞ்சரக்கு. உன் மகனோ ஒவ்வொரு நாளும் அளந்து எழுதிச் செய்கிறான். அவன் அப்பாவை மறந்து அவ்வேலைக்குப் போகவில்லை; நினைத்துக்கொண்டேதான் போயிருக்கிறான் என்று எமக்குப் படுகிறது. அவன் குடிப்பவனா என்பதை நீயே அவனிடம் கேள். கேட்காமல் மனத்தில் வைத்துப் புழுங்காதே" என்றோம்.

அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "கேட்டேன் அண்ணா. வேலை நேரத்தில் ருசி பார்த்துவிட்டுத் துப்பிவிடுவேன், வெளியில் தொடமாட்டேன் என்கிறான். நம்பித்தான் ஆகவேண்டும்" என்றார். எழுந்து வாயில்வரை சென்றவர் திரும்பி நின்று, "அந்தச் சர்க்கரை மறையூர்ச் சர்க்கரைதானே? உருண்டையாக வாங்குகிறானா, தூளாக வாங்குகிறானா? தூள் என்றால் கலப்படம் இருக்கும். அப்பா காய்ச்சிய இடத்தில் கேட்டு நானே வாங்கி அனுப்புகிறேன் என்று சொல்லுங்கள்" என்றார்.

சொல்லிவிட்டோம். நம் சங்கத்தின் குடும்பங்களுக்கு நாம் வேண்டுவதும் இவ்வளவே. குடியைப் பற்றி நம் வீடுகளில் இரண்டே நிலைகள் இருந்தன: ஒன்று ஒளிவு, மற்றொன்று கூச்சல். தந்தையும் மகனும், தாயும் மகனும் அமர்ந்து கணக்கோடும் வரலாற்றோடும் பேசும் மூன்றாவது நிலை ஒன்று வேண்டும். அந்தப் பேச்சுக்கு இக்கட்டுரை சிறிதேனும் துணையாகுமானால், மூத்தோர் நெரித்த புருவத்தை நாம் மகிழ்ச்சியோடு ஏற்போம்.